காட்டின் வளர்ச்சியைக் கணிப்பது எப்படி? மாதிரிக் கோடுகள் முதல் லேசர் வரை

ஒரு காட்டில் எத்தனை கன மீட்டர் மரம் நிற்கிறது? அது ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எவ்வளவு வெட்டலாம் என்று முடிவெடுக்க இயலாது. காடு எவ்வளவு கார்பனைத் தேக்கி வைத்திருக்கிறது என்று உலக மன்றங்களில் சொல்லவும் இயலாது. ஆனால் ஒரு நாட்டின் காடு முழுவதற்கும் இவற்றை யாரும் நேரடியாக அளந்ததில்லை. களத்தில் அளக்கப்படுவது மார்பு உயரத்தில் மரத்தின் சுற்றளவு, சில மரங்களின் உயரம், சில துண்டு நிலங்களில் உள்ள மரங்களின் எண்ணிக்கை ஆகியவை மட்டுமே. மற்றவை அனைத்தும் கணிப்பு.

அந்தக் கணிப்பு முறைகள் எப்படி உருவாகின, எங்கே உறுதியாக நிற்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. கருவிகள் எவ்வளவு முன்னேறினாலும் அடிப்படை மாறவில்லை. நம் விருப்பத்துக்கு இடம் தராமல் தேர்ந்தெடுத்த களத்துண்டுகளும், மதிப்பீட்டோடு சேர்த்து வெளியிடப்படும் பிழையளவும் இருந்தால்தான் காட்டைப் பற்றிய எண்ணை நம்பலாம்.

கோடுகளும் துண்டுகளும்

1856-இல் ஜெர்மானியத் தாவரவியலர் டீட்ரிக் பிராண்டிஸ் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளரானார். யானைமேல் அமர்ந்து காட்டை ஊடறுத்துச் சென்றவர், வழியின் இருபுறமும் தென்பட்ட தேக்கு மரங்களைப் பருமன் வகுப்பு வாரியாக எண்ணினார். வகுப்புக்கு ஒரு குச்சி. மரத்துக்கு ஒரு வெட்டு. 6 அடிச் சுற்றளவைத் தாண்டியவை முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பு மரங்கள் முதல் வகுப்பை எட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று கணித்து, அந்த வேகத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்று வரம்பு கட்டினார். இருப்பு, வளர்ச்சி, வெட்டு மூன்றையும் ஒரே கணக்கில் பிணைத்த முயற்சி இது. 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரானபோது இந்த அணுகுமுறையும் அவரோடு வந்தது. ஆனால் ஒரு கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. வேறு வழியாகப் போயிருந்தால் கணக்கு எவ்வளவு மாறியிருக்கும்?

அந்தக் கேள்வியை நாடு தழுவிய அளவில் எடுத்துக்கொண்டவை வடஐரோப்பிய நாடுகள். நார்வே 1919-இலும், பின்லாந்து 1921-இலும், சுவீடன் 1923-இலும் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கின. பின்லாந்தில் யுர்யோ இல்வெஸ்ஸாலோ நடத்திய முதல் கணக்கெடுப்பில் 26 கி.மீ. இடைவெளியில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கோடுகள் ஓடின. பனியாறுகள் செதுக்கிய அந்நாட்டின் நிலவடிவங்கள் பெரும்பாலும் வடமேற்கு தென்கிழக்காகக் கிடக்கின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டினால்தான் ஒவ்வொரு கோடும் மேடு, பள்ளம், சதுப்பு எல்லாவற்றையும் தொடும் என்பதால் அந்தத் திசை.

பிழையைக் கணக்கிட ஒரு பெரும் கணிதர் முன்வந்தார். மைய எல்லைத் தேற்றத்துக்குப் பொது நிபந்தனை தந்த பின்லாந்து நாட்டவரான லிண்டபெர்க், 1924-இல் கோட்டுக் கணக்கெடுப்பின் திட்டப் பிழையை மதிப்பிடும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிக்கல் எளியதல்ல. சம இடைவெளியில் அமைந்த கோடுகள் தற்செயலாக எடுத்த மாதிரிகள் அல்ல. பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் வழக்கமான சூத்திரம் பிழையைப் பெரும்பாலும் மிகைப்படுத்திக் காட்டும். சுவீடனின் பெர்ட்டில் மாட்டேர்ன் இதே சிக்கலிலிருந்து புறப்பட்டு, தொலைவு கூடக் கூட ஒப்புமை எப்படித் தேய்கிறது என்பதற்குக் கணித வடிவம் தந்தார். 1960-இல் வெளிவந்த அவருடைய ஆய்வேட்டிலிருந்து பிறந்த மாட்டேர்ன் சார்பை இன்று புவிப்புள்ளியியலும் இயந்திரக் கற்றலும் அன்றாடம் பயன்படுத்துகின்றன. காட்டை அளக்கப் போய்ப் புள்ளியியலுக்கே ஒரு பொதுக் கருவி கிடைத்தது.

இந்த உழைப்பின் பலன் பின்லாந்தில் கண்கூடு. 1920-களில் சுமார் 150 கோடி கன மீட்டராக இருந்த மர இருப்பு இன்று சுமார் 250 கோடி. ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ இரட்டித்து 10 கோடி கன மீட்டரைத் தாண்டியது. ஒரு நூற்றாண்டாக ஒப்பிடத்தக்க மாதிரி அளவீடுகள் இருப்பதால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கோணத்தால் எண்ணுதல்

மாதிரித் துண்டு என்றால் வட்டமோ சதுரமோ வரைந்து உள்ளே உள்ள மரங்களை அளப்பது என்பதே பழைய வழக்கம். அதில் சிறு மரங்கள் ஏராளமாக வந்து நேரத்தைத் தின்னும். மொத்தக் கன அளவைத் தீர்மானிக்கும் பெரிய மரங்களோ சிலவே அகப்படும். ஆஸ்திரிய வனவியலர் வால்ட்டர் பிட்டர்லிக் 1940-களின் இறுதியில் இதைத் தலைகீழாக்கினார். ஒரு புள்ளியில் நின்று சுற்றிப் பார்க்க வேண்டும். 1 மீட்டர் நீளக் குச்சியின் முனையில் 2 செ.மீ. அகலத் தகடு. அந்தத் தகட்டைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ண வேண்டும். எண்ணிக்கை எதுவோ அதுவே ஒரு ஹெக்டேரில் மரத்தண்டுகளின் குறுக்குப் பரப்பு, சதுர மீட்டரில். வனவியலில் இதை அடிப்பரப்பு என்பர்.

மாயம் போலத் தோன்றினாலும் காரணம் எளியது. 20 செ.மீ. விட்டமுள்ள மரம் 10 மீட்டர் தொலைவு வரை கணக்கில் வரும், 40 செ.மீ. மரம் 20 மீட்டர் வரை. அந்த எல்லை வட்டத்தின் பரப்புக்கும் தண்டின் குறுக்குப் பரப்புக்கும் உள்ள விகிதம் எந்த மரத்துக்கும் 10,000-க்கு 1. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே எண்ணிய மரம் ஒவ்வொன்றும் ஹெக்டேருக்கு 1 சதுர மீட்டரைக் குறிக்கிறது. மரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அதிகம் அது தேர்வாகும் வாய்ப்பு. அமெரிக்காவில் லூயிஸ் குரோசன்பா 1950-களில் இந்தக் கொள்கையை விரித்து, அடிப்பரப்பு மட்டுமன்றி மர எண்ணிக்கை, கன அளவு எதையும் இந்த வழியில் மதிப்பிடலாம் என்று காட்டினார். எதை அறிய விரும்புகிறோமோ அதற்கேற்பத் தேர்வு வாய்ப்பை அமைக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஒரு மரத்தின் கன அளவு

களத்தில் அளந்த விட்டத்தை மரத்தின் கன அளவாக மாற்றுவதற்குச் சமன்பாடு வேண்டும். 1933-இல் ஷூமாக்கரும் ஹாலும் தந்த வடிவம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. கன அளவின் மடக்கையை, விட்டம், உயரம் ஆகியவற்றின் மடக்கைகளோடு நேர்கோட்டில் இணைப்பது அது. இங்கே ஒளிந்திருக்கும் பொறி ஒன்று உண்டு. மடக்கையில் பொருத்திய மதிப்பை அப்படியே திருப்பி மாற்றினால் சராசரியைவிடக் குறைவான எண் கிடைக்கும். பாஸ்கர்வில் 1972-இல் எச்சரித்த இந்தச் சாய்வைத் திருத்தாவிட்டால் ஒவ்வொரு மரத்திலும் சிறு குறை சேர்ந்து நாட்டின் கணக்கில் பெருங்குறையாகிவிடும். மாதிரியை எவ்வளவு பெருக்கினாலும் இந்த வகைப் பிழை குறையாது.

வெப்பமண்டலக் காட்டில் சிக்கல் இன்னும் பெரிது. இனத்துக்கு ஒரு சமன்பாடு வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான இனங்களுக்கு மரம் வெட்டி நிறுக்க வேண்டும். ஜெரோம் ஷாவும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட பொதுச் சமன்பாடு 58 இடங்களில் வெட்டி அளந்த 4,004 மரங்களை அடிப்படையாகக் கொண்டது. விட்டம், உயரம், மரத்தின் அடர்த்தி மூன்றும் அதற்குப் போதும். உலகின் வெப்பமண்டலக் கார்பன் மதிப்பீடுகளில் பெரும்பங்கு இந்தச் சில ஆயிரம் மரங்களின் தோள்மேல் நிற்கிறது. அதிலும் மிகப் பருத்த மரங்கள் குறைவு. ஒரு ஹெக்டேரின் எடையில் பெரும்பகுதியை அத்தகைய சில மரங்களே தாங்குவதால், தரவு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் பிழையின் விளைவு பெரிது.

நிலம் எவ்வளவு விளையும்?

இருப்பைவிடக் கடினமானது விளைதிறன். ஒரு நிலம் எவ்வளவு மரம் தர வல்லது என்பதைக் கண்ணால் காண முடியாது. நிற்கும் மரங்களின் வழியாகவே ஊகிக்க வேண்டும். நிற்கும் கன அளவைக் கொண்டு ஊகித்தால் தவறாகும், ஏனெனில் நெருக்கி நட்டதா, கலைத்து வெட்டியதா என்பதைப் பொறுத்து அது மாறும். ஜெர்மனியில் 1904-இல் ஐக்ஹார்ன் ஒரு முக்கியமான ஒழுங்கைக் கண்டார். வெள்ளித் தேவதாருத் தோப்புகளில் சராசரி உயரம் ஒன்றாக இருந்தால், வயதும் நிலமும் வேறானாலும் கன அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உயரம்தான் திறவுகோல் என்று தெளிவானது. ஹெக்டேருக்கு மிகப் பருத்த 100 மரங்களின் சராசரி உயரம் கலைப்பு வெட்டால் அதிகம் மாறுவதில்லை. அடிப்படை வயது எனப்படும் ஒரு குறிப்பிட்ட வயதில் அந்த மேலுயரம் எவ்வளவு என்பதே இடத்தரக் குறியீடு.

பின்லாந்தின் கயாந்தர் வேறு வழி சென்றார். 1909-இல் அவர் முன்வைத்த முறையில் மரங்களை விட்டுவிட்டு, தரையில் வளரும் பாசி, செடி, பெர்ரிப் புதர்களைக் கொண்டு நிலத்தை வகைப்படுத்தினார். மரமே இல்லாத இடத்திலும் அது பயன்படும் என்பது அதன் வலிமை.

உயரத்தை நம்பும் முறைக்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தேக்கு. அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், நிலம்பூரில், கலெக்டர் கானலியின் முயற்சியாலும் சாத்து மேனனின் உழைப்பாலும் 1840-களில் தேக்குத் தோட்டங்கள் தொடங்கின. நட்ட ஆண்டு தெரிந்த தோட்டங்கள் இருந்ததால் வயதையும் உயரத்தையும் இணைக்க முடிந்தது. லாரியும் ராமும் 1940-இல் வெளியிட்ட இந்திய, பர்மியத் தேக்குத் தோட்ட விளைச்சல் அட்டவணைகள் நிலங்களை இடத்தர வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த வயதில் என்ன விளையும் என்று வரிசைப்படுத்தின. பல தலைமுறை வன அலுவலர்கள் இந்த அட்டவணைகளைக் கொண்டே திட்டமிட்டார்கள்.

பழைய அட்டவணைகளுக்குப் பின்னால் ஒரு மறைமுக அனுமானம் உண்டு. இளந்தோப்பு, முதிர்தோப்பு எல்லா வயதிலும் நல்ல நிலமும் கெட்ட நிலமும் ஒரே விகிதத்தில் மாதிரியில் இருக்க வேண்டும். உண்மையில் நல்ல நிலத்து மரங்கள் சீக்கிரம் வெட்டப்படும். முதிர்ந்து நிற்பவை பெரும்பாலும் மெலிந்த நிலத்தவை. எல்லாவற்றையும் ஒரே வளைகோட்டில் பொருத்தினால், மரங்கள் முதுமையில் உண்மையைவிட மெதுவாக வளர்வதாகத் தோன்றும். இதற்கு மாற்றாக பெய்லியும் கிளட்டரும் 1974-இல் தந்த முறை, ஒரே தோப்பை மீண்டும் மீண்டும் அளந்த தரவைக் கொண்டு, அடிப்படை வயதைச் சாராத வளைகோடுகளை உருவாக்கியது. இடத்தரம் என்பது அளவீடு அல்ல, தோப்புக்குத் தோப்பு மாறும் மறைந்த மாறி என்று இந்த முறை ஏற்றுக்கொண்டது. ஆஸ்கர் கார்சியா 1983-இல் அதே வளர்ச்சியை வாய்ப்புசார் வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி, ஆண்டுக்கு ஆண்டு வானிலையால் வரும் ஏற்ற இறக்கத்தையும் அளவீட்டுப் பிழையையும் தனித்தனியே பிரித்தார். லாப்பியும் பெய்லியும் 1988-இல் கலப்பு விளைவு மாதிரியைக் கொண்டுவந்தனர். அதன்படி ஒரு தோப்பில் சில மரங்களின் உயரத்தை மட்டும் அளந்தாலே, பொது வளைகோட்டை அந்தத் தோப்புக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளலாம். களத்தில் உயரம் அளப்பது நேரம் பிடிக்கும் வேலை என்பதால் இது பெரும் சிக்கனம்.

உயரத்தோடு அடர்த்தியும் சேர வேண்டும். 1933-இல் ரெய்னெக் கண்ட ஒழுங்கின்படி, நெருக்கத்தின் எல்லையில் நிற்கும் தோப்பில் சராசரி விட்டம் இரட்டித்தால் மர எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஒரு தோப்பு அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே அதன் அடர்த்திக் குறியீடு. இருப்பும் வளர்ச்சியும் ஒன்றுக்கொன்று முரணாமல் பொருந்த வேண்டும் என்ற ஒழுங்கை கிளட்டர் 1963-இல் வகுத்தார். வளர்ச்சியைத் தொகுத்தால் இருப்பு வர வேண்டும் என்பது எளிய கோரிக்கைதான். அதற்கு முந்தைய அட்டவணைகள் பலவற்றில் அது நிறைவேறவில்லை.

கலப்புக் காட்டில் இடத்தரம் தடுமாறும்

இதுவரை சொன்னவை ஒரே வயது, ஒரே இனத் தோட்டத்துக்குப் பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இயற்கைக் காட்டில் மரத்தின் வயது தெரியாது. பல வெப்பமண்டல இனங்களில் ஆண்டு வளையம் தெளிவாக இராது. மேலுயரம் பல இனங்களின் கலவை. அங்கே இடத்தரக் குறியீடு பொருளிழக்கிறது. மீதமிருக்கும் நேர்மையான வழி, அதே மரங்களைக் குறியிட்டு மீண்டும் மீண்டும் அளப்பது.

நீலகிரி மாவட்டத்தின் முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988-இல் 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுத் திடலை அமைத்தனர். 1 செ.மீ.க்கு மேற்பட்ட விட்டமுள்ள ஒவ்வொரு மரமும் அங்கே எண்ணிட்டுத் தொடரப்படுகிறது. தீயும் யானையும் வறட்சியும் இளமரங்களை எப்படி அழிக்கின்றன, எவை மீண்டும் துளிர்க்கின்றன என்பதை ஒரே ஒருமுறை அளக்கும் கணக்கெடுப்பு காட்டாது. பிழைத்த மரங்களின் வளர்ச்சி, புதிதாக எல்லையைத் தாண்டிய மரங்கள், இறந்தவை ஆகிய மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டால்தான் நிகர வளர்ச்சி தெரியும். நிகரம் பூஜ்யமாக இருக்கும் காட்டிலும் பெரும் வளர்ச்சியும் பெரும் இழப்பும் ஒருங்கே நிகழலாம்.

நிலையான திடல்களுக்கு இன்னொரு பயன் உண்டு. இடத்தரம் மாறாதது என்ற அனுமானத்தையே அவை சோதிக்கின்றன. 1870-களிலிருந்து அளக்கப்படும் மத்திய ஐரோப்பியத் திடல்களை ஆராய்ந்த பிரெட்ஷும் குழுவினரும், ஸ்புரூஸ், பீச் தோப்புகளின் கன வளர்ச்சி 1960-ஐவிட 10 முதல் 30 விழுக்காடு விரைந்திருப்பதாக 2014-இல் அறிவித்தனர். பழைய அட்டவணையை இன்று நம்பும் வன அலுவலர் தவறான காலத்தின் காட்டைக் கணிக்கிறார்.

மேலிருந்து பார்த்தல்

பின்லாந்தின் எர்க்கி தொம்போ 1990-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை, செயற்கைக்கோள் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலையில் அதை மிகவும் ஒத்த சில களத்துண்டுகளைத் தேடி, அவற்றின் மதிப்புகளை எடையிட்டுத் தருகிறது. கன அளவு, இனம், அடிப்பரப்பு எல்லாம் ஒருசேரக் கிடைக்கும். நார்வேயின் எரிக் நெஸ்ஸெட் 2002-இல் விவரித்த முறையில், விமானத்திலிருந்து பாயும் லேசர்க் கதிர்கள் மர உச்சிகளின் உயரப் பரவலைத் தருகின்றன. அந்தப் பரவலைக் களத்துண்டுகளோடு இணைத்துத் தோப்பு வாரியாகக் கன அளவு மதிப்பிடப்படுகிறது. நார்டிக் நாடுகளில் இன்று அன்றாட வனத்திட்டமிடல் பெரும்பாலும் இவ்வழியே நடக்கிறது. 2018 டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற கெடி என்ற லேசர்க் கருவி 25 மீட்டர் வட்டங்களாகக் காட்டின் உயரத்தை அளந்தது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார்ச் செயற்கைக்கோளின் பணிகளில் காட்டின் உயிர்நிறையைக் கண்காணிப்பதும் ஒன்று.

இந்த வரைபடங்களின் அழகு மயக்கக்கூடியது. எல்லாப் பொருத்த முறைகளும் சராசரியை நோக்கி இழுக்கும். அடர்காடு குறைத்தும், மெலிந்த காடு கூட்டியும் காட்டப்படும். துல்லியத்தைச் சரிபார்க்கும் முறையும் ஏமாற்றலாம். மத்திய ஆப்பிரிக்காவில் 1.18 கோடி மரங்களின் கணக்கெடுப்பைக் கொண்டு புளோத்தோனும் குழுவினரும் 2020-இல் ஒரு சோதனை செய்தனர். தரவைத் தற்செயலாகப் பிரித்துச் சோதித்தபோது வரைபடக் கணிப்பு மாதிரி, உயிர்நிறையின் மாறுபாட்டில் பாதிக்கு மேல் விளக்குவது போலத் தோன்றியது. அருகிலுள்ள துண்டுகளை விலக்கிச் சோதித்தபோது விளக்கும் திறன் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போனது. மாட்டேர்ன் அன்று கவலைப்பட்ட அதே பக்கத்து ஒப்புமைதான் இங்கே பொய் நம்பிக்கையாக மாறியிருந்தது. இதற்கு மறுப்பாக வாடூ, ஹூவலிங்க் முதலியோர் 2021-இல், அருகிலுள்ளவற்றை விலக்கும் முறை மறுபக்கமாகச் சாய்ந்து, பிழையை மிகைப்படுத்துகிறது என்று வாதிட்டனர். வாய்ப்பு முறைப்படி எடுத்த தனி மாதிரியே வரைபடத்தின் பிழையை அறியச் சரியான வழி என்பது அவர்கள் முடிவு.

இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் தீர்வு புலப்படும். வரைபடத்தைத் துணையாக மட்டும் எடுத்துக்கொண்டு, வாய்ப்பு முறைப்படி தேர்ந்த களத்துண்டுகளில் அதன் பிழையை அளந்து, மொத்தத்தைத் திருத்துவது ஒரு வழி. வரைபடம் மோசமாக இருந்தாலும் இதில் மதிப்பீடு சாயாது. நன்றாக இருந்தால் திட்டப் பிழை சுருங்கும். ஒரு தாலுகா, ஒரு வனச்சரகம் போன்ற சிறு பரப்பில் துண்டுகள் போதாதபோது, ஃபே, ஹெரியட் இருவரும் 1979-இல் தந்த சிறுபரப்பு மதிப்பீட்டு முறை உதவுகிறது. உள்ளூர்த் தரவையும் பெரும்பரப்பின் போக்கையும் அவற்றின் நம்பகத்துக்கேற்ப எடையிட்டுக் கலப்பது அது. மக்களின் வருமானக் கணக்குக்காகப் பிறந்த முறை இன்று காட்டுக் கணக்குக்கும் பயன்படுகிறது.

இந்தியாவின் கணக்கு

1965-இல் தொடங்கிய வன வள முன்முதலீட்டு ஆய்வு 1981-இல் இந்திய வன அளவைத் துறையாக மாறியது. 1987 முதல் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை அதன் அறிக்கை வருகிறது. 2016 முதல் களக் கணக்கெடுப்பு 5 கி.மீ. சதுரக் கட்டங்களில் நடக்கிறது. 2023-ஆம் ஆண்டு அறிக்கை நாட்டின் மர இருப்பைச் சுமார் 643 கோடி கன மீட்டர் என்கிறது. அதில் சுமார் 195 கோடி வனத்துக்கு வெளியே, வயலோரத்திலும் தோப்புகளிலும் நிற்பது.

ஆனால் அறிக்கை வரும்போது செய்தித்தாள்கள் பேசுவது ஒரே எண்ணை. 25.17 விழுக்காடு நிலம் காடும் மரமும் சூழ்ந்தது என்பதே தலைப்பு. வனப்பரப்பு என்று கணக்கிடுவதற்கு ஒரு ஹெக்டேர் நிலமும் 10 விழுக்காடு இலைக்கவிகையும் இருந்தால் போதும். தோப்பும் தோட்டமும் அதில் அடங்கும். பரப்பு கூடியும் இருப்பு குறையலாம். இருப்பு கூடியும் பழங்காடு அழிந்து தைலமரம் வந்திருக்கலாம். அடிப்பரப்பு, இனக்கலவை, நிகர வளர்ச்சி, இறப்பு ஆகியவையே காட்டின் நிலையைச் சொல்பவை. அவற்றையும் அவற்றின் திட்டப் பிழையையும் மாவட்ட அளவில் மக்கள் முன் வைக்கத் தேவையான புள்ளியியல் கையிருப்பில் இருக்கிறது.

தொகுத்துப் பார்த்தால்

கணிப்பு முறைகளின் வரலாறு ஒரே திசையில் செல்கிறது. பிராண்டிஸ் இருப்பையும் வளர்ச்சியையும் இணைத்தார். நார்டிக் நாடுகள் பிழையை எண்ணாக்கின. பிட்டர்லிக் முயற்சியைப் பயனுள்ள மரங்களின்மேல் குவித்தார். விளைதிறனை ஆராய்ந்தவர்கள், நிலத்தின் தரம் நேரடியாகக் காணப்படாதது என்பதைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டார்கள். லேசரும் ரேடாரும் பரப்பை விரித்தன. ஆனால் எதன் அடிப்படையில் நம்புவது என்ற கேள்வியை மீண்டும் தரைக்கே கொண்டுவந்தன.

ஆகவே காட்டைப் பற்றி வெளிவரும் எந்த மதிப்பீட்டிடமும் குடிமக்களும் ஆட்சியாளர்களும் மூன்று கேள்விகள் கேட்கலாம். களத்துண்டுகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன? மதிப்பீட்டின் திட்டப் பிழை எவ்வளவு? அதே துண்டுகள் மீண்டும் அளக்கப்படுகின்றனவா? புதுச் செயற்கைக்கோளுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை, களத்தில் நாடாவோடு நடக்கும் பணியாளர்களுக்கும் பல பத்தாண்டுகள் அழியாமல் நிற்க வேண்டிய நிலையான திடல்களுக்கும் ஒதுக்க வேண்டும். இடைவெளி விழுந்த ஓர் ஆண்டின் அளவீட்டைப் பின்னால் எந்தக் கருவியாலும் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் அந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது.